இரண்டு ‘நீக்கு’

சல்லடை மென்பொருளின் கடவுச்சொற்கள் எல்லாம், இனி அதைப் பார்த்துக்கொள்ளப்போகும் உங்கள் மூவர் கைக்கும் வந்துவிட்டன. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, புதுப் பதிப்பை எப்படி வெளியிடுவது என்பதையெல்லாம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படித்தால் போதும், அதற்கு நான் தேவையில்லை. இது வேறு. எல்லாம் ஒரே நேரத்தில் கைமீறும் நாள் ஒன்று உங்களுக்கும் வரும். அன்றைக்கு எதை முதலில் செய்வது என்று எந்தக் குறிப்பும் சொல்லாது. எனக்கு வந்த அப்படி ஒரு நாளைச் சொல்லிவிட்டு நான் விலகிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. வெளியே கிளம்பினால் கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிற ஆள். “கேஸு என்ன, நீ போனதும் தானா தொறந்துக்குமா?” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். இந்தக் குணம் வீட்டில் தொல்லை, நிரல் எழுதுகிற வேலையில் கொஞ்சம் உபயோகம். உங்களில் யாருக்காவது இது இருந்தால் வெட்கப்படாதீர்கள்.

சல்லடை எப்படிப் பிறந்தது என்று உங்களுக்குத் தெரியும். பகலில் நான் பீங்கான் கம்பெனி ஒன்றில் தரச்சோதனையில் இருந்தேன். அங்கே களிமண் கூழைச் சலித்துத்தான் அச்சில் ஊற்றுவார்கள். கல்யாணப் படம் எடுப்பவர்கள் ஆயிரக்கணக்கான படங்களைச் சலித்து ஆல்பத்துக்குத் தேறுவதைப் பிரிக்க ஒரு மென்பொருள் வேண்டும் என்றபோது அந்தப் பெயர்தான் ஞாபகம் வந்தது. இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம். சம்பளம் கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கூடிச் செய்கிற வேலை. செகண்ட்ஸ் என்று கழித்துப்போட்ட, காது கோணலான பீங்கான் கோப்பையில் காலை டீயை வைத்துக்கொண்டு, கம்பெனிக்குக் கிளம்பும்வரை இந்த வேலையைப் பார்ப்பேன். ஜன்னலோரம் மேசை. கூட்ஸ் வண்டி போனால் கோப்பை நடுங்கும், நானும் சேர்ந்துதான்.

நமது நிரலின் உதவிப் பட்டியலில் ‘பிராது கொடு’ என்று இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ‘வழுவைத் தெரிவி’ என்று மாற்றச் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டார்கள். நான் மாற்றவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்து முருகன் கோயிலில் குறையைத் தாளில் எழுதிக் கட்டுவதற்குப் பிராது என்றுதான் பெயர். குறை தீர்ந்ததும் கட்டியவரே போய் வாபஸ் வாங்க வேண்டும். அந்த வழக்கத்தையே நாமும் வைத்துக்கொண்டோம். நாம் சரிசெய்துவிட்டோம் என்பதற்காக ஒரு பிராதை நாமே மூடுவதில்லை. கொடுத்தவர் வாபஸ் வாங்கினால்தான் மூடுவது. இது சல்லடையில் மட்டும் உள்ள பழக்கம். இதை மாற்றிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

அன்று மாதாந்திர மின்தடை நாள். கம்பெனிக்கு லீவு. கரண்ட் போவதற்குள் சட்னியை அரைத்துவிடலாம் என்று மிக்சியைப் போட்டபோது போன் அடித்தது. கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் முருகவேல். அவர் கம்ப்யூட்டரில் சல்லடையைப் போட்டுத் தமிழில் அமைத்துக் கொடுத்ததே நான்தான்.

“மேடம், படமெல்லாம் போச்சு மேடம்.”

“எந்தப் படம்?”

“ஸ்ரீமுஷ்ணம் கல்யாணம். லிஸ்ட்ல இருந்துதான் நீக்குனேன். டிஸ்க்குலயும் காணம். நல்லது நல்லதா எல்லாம் போச்சு.”

அவர் வேலை செய்யும் முறை எனக்குத் தெரியும். கார்டில் இருப்பதையெல்லாம் வெளி டிஸ்கில் கொட்டிச் சல்லடையில் திறப்பார். முதல் சுற்றிலேயே ஆல்பத்துக்குத் தேறும் நல்ல படங்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். மிச்சம் இருக்கும் சந்தேகக் கேஸ்களை மட்டும் திரும்பப் பார்ப்பார். பட்டியலிலிருந்து எடுப்பது என்றால் கண்ணிலிருந்து மறைப்பதுதான், படம் டிஸ்கில் பத்திரமாக இருக்க வேண்டும். இப்போது படமே போயிருக்கிறது. அதுவும் தேறிய படங்கள் அத்தனையும். கண்ணை மூடியவர்கள், கொட்டாவி விட்டவர்கள், பாதித் தலை வந்தவர்கள் எல்லோரும் சுகமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“கார்டுல இருக்குமில்ல?”

“அத அழிச்சுட்டு நேத்து மஞ்சத்தண்ணி விசேஷத்துக்கு எடுத்துட்டேன். அந்தப் படம்தான் இப்ப டிஸ்க்குல காப்பி ஆயிட்டிருக்குது.”

என் கையிலிருந்த மிக்சி மூடி கீழே விழுந்தது. அழிந்த படம் உடனே காணாமல் போவதில்லை. அந்த இடம் காலி என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதன்மேல் வேறொன்று வந்து உட்காரும்வரை மீட்க வாய்ப்பு உண்டு. இவர் பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் மஞ்சத்தண்ணிப் பெண்ணின் படங்கள் கல்யாணப் பெண்ணின் படங்கள்மேல் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன.

“கேபிளப் புடுங்குங்க!”

“காப்பி ஆவுது மேடம், நடுவுல புடுங்குனா...”

“புடுங்குங்கன்றேன்ல!”

நான் யாரிடமும் கத்துகிறவள் இல்லை. அன்று கத்தினேன். என் வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, “புடுங்கிட்டேன்” என்றார்.

“அதைத் தனியா வைங்க. யாரையும் தொட வுடாதீங்க. நான் வரேன்.”

“ஒடனே வாங்க மேடம். பொண்ணோட அம்மா இன்னிக்குப் படம் பாக்க வராங்க. பஸ்ஸு ஏறிட்டேன்னு போன் பண்ணிட்டாங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். அங்கேதான் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு சிறு நிரலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம்தான் நான் தொழில் பழகினேன். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் ஒருமுறை என்னைத் திட்டியபோது சொன்னது அந்த வாசலில் ஞாபகம் வந்தது: “போன் பண்ணினது ஒருத்தர். பண்ணாதவங்களை யார் பாக்கிறது?”

முருகவேல் கையில் இருந்தது அதற்கு முந்தின வாரம் நாம் வெளியிட்ட புதுப் பதிப்பு. அதே பதிப்பு யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ ஒரு ஸ்டுடியோவில் இந்த நிமிடம் திறந்திருக்கலாம். இன்னொருவர் அதே பொத்தானில் விரலை வைத்திருக்கலாம். செருப்போடு திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்தேன். அப்போது கரண்ட் போனது. மடிக்கணினியின் பேட்டரி பழசு, எந்த நேரத்தில் கண்ணை மூடும் என்று அதற்கே தெரியாது. போனில் இணையத்தை எடுத்து, முதலில் அந்தப் பதிப்பை என் மடிக்கணினியில் தமிழில் திறந்தேன்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். இரண்டிலும் ‘நீக்கு’.

என்ன நடந்திருக்கிறது என்று பார்த்த உடனே புரிந்துவிட்டது. முன்பு ஒன்றில் ‘பட்டியலிலிருந்து எடு’ என்றும் மற்றதில் ‘வட்டிலிருந்து அழி’ (வட்டு என்றால் டிஸ்க்) என்றும் இருந்தது. நம் மொழியில் வார்த்தை நீளம், பொத்தானோ சின்னது. பாதியில் வெட்டுப்பட்டு ஒன்று ‘பட்டியலிலிரு’ என்றும், மற்றது ‘வட்டிலிரு’ என்றும் தெரிந்தது. ‘பட்டியலில் இரு என்று சொல்கிறதே, எவ்வளவு நேரம் இருப்பது?’ என்று ஒருவர் பிராதே கொடுத்திருந்தார். எல்லோரும் சிரித்தோம். மங்களூரில் ஆசிரியையாக இருக்கும் அன்பரசிதான் நமக்கு மொழிபெயர்ப்பவர். வெட்டுப்படாத சின்ன வார்த்தையாகப் போடுங்கள் என்று அவரைக் கேட்டோம். போட்டார். மொழிபெயர்ப்பவருக்குப் பொத்தான் தெரியாது. வரிவரியாக வார்த்தைகள்தான் தெரியும். ஒன்று மேலே எங்கேயோ, இன்னொன்று நாலைந்து பக்கம் தள்ளி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பிழையில்லாத தமிழ். அழுத்தினால் வரும் கேள்வியும் இரண்டுக்கும் ஒன்றே: ‘இந்தப் படங்களை நீக்கவா?’ ஆம் என்றால் வெளி டிஸ்கில் இருப்பது குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாமல் நேராக அழியும்.

குழுவில் செய்தி போட்டேன், புதுப் பதிப்பைத் தளத்திலிருந்து கீழே இறக்குகிறேன் என்று. நம்மோடு நிரல் எழுதும் கோயம்புத்தூர் நண்பர் உடனே கேட்டார்: “ஒருத்தர் சொன்னதுக்காக எறக்கணுங்களா? அவர் தப்பா அமுத்தியிருப்பாருங்க. சாயங்காலம் பேசி முடிவு பண்ணலாமே.” அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு வாரம் பாடுபட்டு வெளியிட்ட பதிப்பு. இறக்கினால் கேள்வி மேல் கேள்வி வரும். நான் பதில் எழுதவில்லை. பதில் எழுதுவதற்கும் பேட்டரி செலவாகும். இறக்கிவிட்டேன். பழைய பதிப்பை மேலே வைத்து, ‘புதியதைத் தமிழில் பயன்படுத்தாதீர்கள், படங்கள் அழியும்’ என்று முகப்பில் எழுதினேன். இதற்குள் முருகவேல் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். எடுக்கவில்லை. எடுத்தால் எழுந்து ஓடியிருப்பேன். அந்த மணியோசையை இன்றைக்கும் என்னால் கேட்க முடியவில்லை, போனில் மணியையே மாற்றிவிட்டேன்.

ஸ்டுடியோவுக்குப் போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. முருகவேல் டிஸ்கை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

“எனக்கு ஒண்ணு சொல்லுங்க மேடம். நீக்குன்னுதானே போட்டிருக்குது? நான் நீக்குனது தப்பா?”

நீங்கள் பொத்தானைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. நம் தொழிலில் எல்லோர் நாக்கு நுனியிலும் தயாராக இருக்கும் வாக்கியம் அது. நல்லவேளை, கொஞ்ச நேரம் முன்புதான் என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

“உங்க மேல தப்பு இல்ல. ரெண்டுலயும் ஒரே வார்த்தையப் போட்டுட்டோம்.”

அவர் டிஸ்கை மேசைமேல் வைத்தார். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

இன்வெர்ட்டரில் அவர் கம்ப்யூட்டரைப் போட்டு, டிஸ்கில் எதையும் எழுதாமல் தேடிப் படிக்கும் கருவியை ஓடவிட்டோம். பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். இன்வெர்ட்டர் நிற்குமா, கோடு முடியுமா என்று எனக்குக் கவலை. பஸ் எங்கே வருகிறது என்று அவருக்குக் கவலை. டீ வந்தது, ஆடை கட்டியது, யாரும் தொடவில்லை.

ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மாப்பிள்ளை அழைப்பு வந்தது, நலங்கு வந்தது, சீர்த்தட்டு வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் முருகவேல் “வந்துட்டாங்க, வந்துட்டாங்க” என்றார், காணாமல் போன பிள்ளைகள் வீடு திரும்புவதுபோல. முகூர்த்தத்தில் வந்து நின்றது. மாலை மாற்றியது இருந்தது. தாலி கட்டிய படங்களில் மேல் பாதி மட்டும் வந்தது. பெண்ணின் நெற்றிச்சுட்டி, மாப்பிள்ளையின் தலைப்பாகை, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டை. கையும் தாலியும் இருந்த இடத்தில் மஞ்சத்தண்ணி விசேஷம் ஏறி உட்கார்ந்துவிட்டது. வேறு கருவியைப் போட்டுப் பார்த்தேன். அதே சாம்பல்.

“வீடியோவுல இருக்குமே?”

“வீடியோக்காரன் நின்ன எடத்துல மாப்பிள்ளையோட தாய்மாமன் முதுகுதான் தெரியுது. பெரிய முதுகு மேடம்.”

சிரிக்க வேண்டிய விஷயம்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

“கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடறேன்” என்றார். “கார்டு கெடறது எல்லாருக்கும் நடக்கறதுதானே. சாப்ட்வேரு, பொத்தானுன்னு சொன்னா அவங்களுக்குப் புரியவா போவுது? எம் பேரு கெட்டா இந்த ஊர்ல அடுத்த முகூர்த்தத்துக்கு யாரு கூப்புடுவாங்க?”

எனக்கும் அது எளிதான வழியாகத்தான் தோன்றியது. சொன்னால் சல்லடையின் பெயரும் அல்லவா வெளியே வரும்? ஆனால் பொய்யை இவர் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு இந்த ஊரில் இவர்தான் நடமாட வேண்டும். அந்தப் பாதிப் படத்தைப் பார்த்துக்கொண்டே, “நான் சொல்றேன்” என்றேன். வாய் முந்திச் சொல்லிவிட்டது.

பெண்ணின் அம்மா கையில் ஒரு பை நிறைய வாழைப்பழத்தோடு வந்தார். நல்ல சந்தோஷமாக வந்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் யார் என்று சொன்னேன். இந்தப் படங்களைப் பிரிக்கும் மென்பொருளைச் செய்கிற கூட்டத்தில் ஒருத்தி என்றும், நாங்கள் வைத்த வார்த்தையால்தான் படம் அழிந்தது, முருகவேல் கைத்தவறு இல்லை என்றும் சொன்னேன். பாதிப் படத்தையும் காட்டினேன். மறைக்கவில்லை.

அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முகூர்த்த நேரத்துல யாரும் செல்போன எடுக்காதீங்க, படம் கெட்டுடும்னு இவருதான் சொன்னாரு. நாங்க எல்லாரும் உள்ள வச்சுட்டு அட்சதையப் புடிச்சுட்டு நின்னோம்.” அந்தப் பாதிப் படத்தைக் காட்டி, “எம் பொண்ணுக்கு நான் என்னான்னு சொல்லுவேன்?” என்றார்.

முருகவேல் கைகூப்பினார். அந்த அம்மா பழப்பையை மட்டும் மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

“நான் போறேன்.”

அவர் படியிறங்கிய பிறகு முருகவேல் சொன்னார்: “போயிட்டு வரேன்னு சொல்லல மேடம். போறேன்னுட்டாங்க.”

இங்கே யாரும், சண்டையே ஆனாலும், அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. அன்று முழுக்க அந்த ஒரு வார்த்தை என் காதில் இருந்தது.

மற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன். அன்பரசிக்கு விஷயம் தெரிந்து, ‘என் பெயரை மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்’ என்று எழுதினார். ‘நீக்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் அதை எழுத எவ்வளவு யோசித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் போன் செய்து, வார்த்தையைக் கொடுத்தது நீங்கள், பொத்தானில் ஒட்டிப் பார்க்காமல் வெளியிட்டது நாங்கள் எல்லோரும், ஒருத்தர் பெயரை மட்டும் எடுக்க முடியாது என்றேன். அழுதார். அழுது முடித்துவிட்டு முருகவேலின் எண்ணை வாங்கிக்கொண்டு அவரே பேசினார். ‘தேறின படத்தைப் பட்டியலிலிருந்து எடுப்பதை உங்கள் கடையில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டிருக்கிறார். ‘ஒதுக்கறதுன்னுதான் சொல்லுவோம்’ என்றாராம் அவர். இன்று நம் பொத்தான்களில் ‘ஒதுக்கு’ என்றும் ‘அழி’ என்றும் இருப்பது அப்படி வந்தது. எந்தப் பதிப்பையும் திரையில் தமிழில் ஓட்டிப் பார்க்காமல் வெளியிடுவதில்லை என்பதும் அன்றிலிருந்துதான்.

முருகவேலைப் பிராது எழுதிப் போடச் சொன்னேன். “கோயில்லயா மேடம்?” என்றார். சல்லடையில் என்றேன். இரண்டு இடத்திலும் கொடுத்தார். நம்மிடம் இருப்பது இப்படித்தான் ஆரம்பிக்கும், போய்ப் பாருங்கள்: ‘நீக்கு அழுத்தினேன். நல்லதெல்லாம் போனது. யார் மேல் பிராது கொடுப்பது என்று தெரியவில்லை.’

பொத்தான் மாறியதும் அதை மூடிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். கோயம்புத்தூர் நண்பர்கூட நயமாகக் கேட்டுப் பார்த்தார். பழைய பிராது ஒன்று திறந்தே கிடந்தால் புதிதாக வருபவர்களுக்கு நம் நிரல்மேல் சந்தேகம் வராதா என்றார். வரட்டும் என்றேன். அவர் வாபஸ் வாங்கவில்லை, அவ்வளவுதான். நான் ஒவ்வொரு முறை பிராதுப் பட்டியலைத் திறக்கும்போதும் அடியில் அது இருக்கும். ‘நான் போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர் முகமும் கூடவே வரும். கடைவீதியில் நடந்தால் ஸ்டுடியோ ஷட்டர் ஏறியிருக்கிறதா என்று எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போவேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

உங்களிடம் பொறுப்பை ஒப்படைப்பது என்று முடிவான பிறகு, போன வாரம் அந்தப் பிராதில் ஒரு பதில் விழுந்தது. திறக்கவே பயமாக இருந்தது. டீ ஆறும்வரை அப்படியே வைத்திருந்தேன். அப்புறம் திறந்தேன்.

‘மேடம், அந்தப் பொண்ணுக்கு வளைகாப்பு. அவங்க அம்மாவே போன் பண்ணி நீங்கதான் வரணும்னு கூப்டாங்க. போய் எடுத்துக் குடுத்துட்டேன். இந்த தடவ எல்லாரையும் செல்லுலயும் எடுத்துக்கச் சொன்னேன். கெளம்பும்போது போயிட்டு வரேன்னு சொன்னேன், வாங்கன்னாங்க. கோயில்ல வாபஸ் வாங்கிட்டேன். இங்கயும் வாங்கிக்கறேன்.’

இவ்வளவு காலம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அழுகையாக வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஓடி வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்றார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மீண்டும் திரையைப் பார்த்தபோதுதான், கீழே இன்னொரு வரி இருப்பதைக் கவனித்தேன்.

‘படத்த உங்க சல்லடையிலதான் பிரிச்சேன். ஆனா தமிழ் வேணாம்னு இங்கிலீஷ்ல மாத்தி வச்சிருக்கேன். கோச்சுக்காதீங்க மேடம்.’

கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், நான் பயந்தவள், இன்னும் முன்பே செய்திருப்பேன். பிராதை மூடினேன். ஒதுக்கு என்ற வார்த்தையைக் கொடுத்தவர் கடையிலேயே அந்த வார்த்தை இல்லை. அவரிடம் போய் மாற்றச் சொல்லாதீர்கள். அவராக ஒரு நாள் தமிழுக்கு மாற்றிக்கொண்டால் எனக்கு மட்டும் ஒரு போன் பண்ணுங்கள், எடுக்கிறேன்.